மண்டபத்தில் வளைகாப்பா, வீட்டில் மாலை டீயா?

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ நெருங்கியதும் தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் இப்போது இரண்டு பேச்சு எழுகிறது. ஒன்று, மண்டபம் பிடித்து, சமையல்காரரை வைத்து, மதியச் சாப்பாட்டோடு வளைகாப்பு. இன்னொன்று, வீட்டு ஹாலிலோ மொட்டை மாடியிலோ சாயங்காலம் டீ பார்ட்டி. இதிலும் சந்தனம், குங்குமம், வளையல் எல்லாம் உண்டு. சாப்பாட்டுக்குப் பதில் டீயும் பலகாரமும். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான், ஆனால் எல்லா வீட்டுக்கும் அது சரிப்படாது.

முதலில் கர்ப்பிணியைப் பார்ப்போம். மண்டப மேடையில் போடும் அந்த வெல்வெட் சிம்மாசனம் போட்டோவுக்கு அழகு, உட்காருவதற்கு இல்லை. இருக்கை உயரமாக இருக்கும், சாய்மானம் முதுகுக்கு எட்டாது, கால் தரையில் பதியாமல் தொங்கும். பட்டுப்புடவை கசகசக்க, கன்னத்துச் சந்தனம் காய்ந்து இழுக்க, வந்தவர்கள் எல்லாரும் வளையல் போட்டு முடிக்கும்வரை அவள் அதில் இருந்தாக வேண்டும். நூற்றைம்பது பேர் என்றால் இரண்டு மணி நேரம் சாதாரணமாக ஓடிவிடும். பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லவே கூச்சப்படுவாள், கீழே வரிசை காத்திருக்கிறதே! வீட்டில் முப்பது நாற்பது பேர் என்றால் பழகிய நாற்காலி, முதுகுக்குத் தலையணை, காலுக்கு ஒரு மனை. களைத்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

விருந்தினர் விஷயத்தில் மண்டபம்தான் ஜெயிக்கிறது. அரூர் பக்கமிருந்தும் பென்னாகரம் பக்கமிருந்தும் பஸ் பிடித்து வரும் பெரியம்மாவுக்கும் அத்தைக்கும் ஒரு டம்ளர் டீ, ஒரு வடை கொடுத்து அனுப்பினால், "டீத்தண்ணியோட அனுப்பிட்டாங்க" என்ற பேச்சு வராமல் இருக்காது. அதில் நியாயமும் இருக்கிறது. 1840-களில் இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் மாலை டீ வழக்கமானதே, மதியச் சாப்பாட்டுக்கும் நேரம் கழித்துச் சாப்பிடும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவே எடுக்கும் பசிக்காகத்தான். பயணம் செய்து வந்தவர் பசிக்கு அது ஈடாகாது. இருட்டிய பிறகு கிராமத்துக்குப் பஸ் கிடைப்பதும் பாடு. ஆகவே டீ பார்ட்டி வைப்பவர்கள் வெளியூர் உறவுகளை மதியமே வரச் சொல்லி, புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று வழக்கமான ஐந்து வகையை வீட்டிலேயே போட்டுவிட வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் டீ. பங்காளிகளும் சம்பந்தி வீட்டாரும் சேர்ந்தாலே நூறைத் தாண்டும் குடும்பம் என்றால் யோசிக்கவே வேண்டாம், மண்டபம்தான்.

ஓசூர் பக்கம் ஓட்டல் பார்ட்டி ஹால் என்று மூன்றாவது வழியும் இருக்கிறது. ஏசி, பார்க்கிங் வசதி நன்றாக இருக்கும். விளக்கேற்றி ஆரத்தி எடுக்க விடுவார்களா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

நேரம்தான் பலர் கவனிக்காத இடம். டீ பார்ட்டி என்றால் ஞாயிறு மாலை ஐந்து மணி என்று பத்திரிகை அடித்துவிடுகிறார்கள். ஞாயிறு 4.30 முதல் 6 வரை ராகு காலம். பெரியவர்கள் முகம் மாறிவிடும். அதற்கு முந்தைய 3 முதல் 4.30 வரை குளிகை. குளிகையில் செய்தது திரும்ப நடக்கும் என்பார்கள், வளையல் போட அதைவிட வேறென்ன வேண்டும்! வேப்பிலைக் காப்பு, கண்ணாடி வளையல், ஆரத்தி எல்லாவற்றையும் அதற்குள் முடித்துவிட்டால், ராகு காலத்தில் நடப்பது டீயும் பேச்சும் மட்டும்தான். மண்டபத்துக்கு இந்தக் கவலை இல்லை, காலையிலேயே முடிந்துவிடும்.

டீ மேஜையில் என்ன வைப்பது? படங்களில் பார்க்கும் வெள்ளரிக்காய் சாண்ட்விச் நம் ஊர் ஃபேன் காற்றில் அரை மணி நேரத்தில் ஓரம் காய்ந்து சுருண்டுவிடும். அந்த மூன்றடுக்குத் தட்டு மட்டும் இருக்கட்டும், அழகாகத்தான் இருக்கிறது. மேல் தட்டில் நான்காக வெட்டிய ஒப்பட்டு (போளி), நடுவில் காவேரிப்பட்டணம் நிப்பட்டு (தட்டை), கீழே ராகி பக்கோடா. ராகி இரண்டு மாவட்டத்திலும் விளைவது, வேறெங்கும் தேடிப்போக வேண்டாம். மே, ஜூன் என்றால் மாம்பழத் துண்டுகள். கர்ப்பிணிக்குச் சர்க்கரை இருந்தால் சுண்டல் கட்டாயம்.

அலங்காரத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பிங்க் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் பலூன் கட்டி 'ஆணா, பெண்ணா' என்று கைதூக்கச் சொல்லும் விளையாட்டு நமக்கு வேண்டாம். கருவில் இருப்பது என்ன என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. வேண்டாமென்று விடப்படும் பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ள 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் தருமபுரிக்கும் நீட்டிக்க வேண்டி வந்தது. பெண் சிசுக்களை இழந்த மண் இது. வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பவள் முன்னால் அந்தக் கேள்வியை விளையாட்டாகக்கூடக் கேட்கக் கூடாது. மஞ்சளும் பச்சையும் போதும், சாமந்தி மாலையும் மாவிலையும் அதே நிறம்தான்.

நாற்பது பேருக்கு ஆளுக்கு 120 மில்லி என்றால் கிட்டத்தட்ட ஐந்து லிட்டர் டீ: பால் மூன்று, தண்ணீர் இரண்டு, தூள் சுமார் நூறு கிராம். ஒரே தடவையில் போட்டு வைத்தால் கசக்கும், இரண்டு தடவையாகப் போடுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. பாத்திர வாடகைக் கடையில் பீங்கான் கப்போ எவர்சில்வர் டம்ளரோ எடுத்துவிடலாம்.

கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் காஃபினுக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள் மருத்துவர்கள். ஒரு கப் டீயில் 40, 50 மில்லிகிராம் வரும், காபியில் இன்னும் அதிகம். ஒரு கப் டீ தாராளமாகக் குடிக்கலாம். ஆளாளுக்கு ஊட்டிவிடும் சாக்கில் மூன்றாவது, நான்காவது கப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் இளஞ்சூட்டில் ராகி கஞ்சி கொடுக்கலாம். டீ இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், அன்றைக்கு மாத்திரையை டீயோடு சேர்க்காமல், ராத்திரி படுக்கும் முன் போட்டுக்கொள்ளட்டும்.