‘தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது’

முப்பத்தோரு ஆண்டுகள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவன் நான். பிழை கண்டால் கை சும்மா இருக்காது. அந்தப் பழக்கம் இப்போது கைப்பேசிக்கு இடம் மாறிவிட்டது. காலையில் காபியும் கையுமாக அரசு அலுவலகங்களின் ட்விட்டர், ஃபேஸ்புக் பக்கங்களைப் படிக்கிறேன். (2023இல் ட்விட்டரின் பெயரை எக்ஸ் என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு அது இன்னும் ட்விட்டர்தான்.) இட்லிக் கடைக்கெல்லாம் விமர்சனம் எழுதுகிறார்கள். இது நம் வரிப்பணத்தில் நடக்கிற சேவை, இதற்கு எழுதினால் என்ன?

முதலில் பள்ளம். ஜாஃபர்கான்பேட்டையில் எங்கள் தெருமுனையில், டீக்கடைக்கும் இஸ்திரி வண்டிக்கும் நடுவே, ஆறடி நீளத்துக்குத் தோண்டி, மண்ணை அரைகுறையாகத் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். தோண்டியது யார் என்று கண்டுபிடிக்கவே நான்கு நாள் ஆனது. எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ‘அது எங்களுடையதல்ல’ என்று அதற்கும் ஒரு பதில் வரும். படம் எடுத்து, தெருப்பெயர், அடையாளம் எல்லாம் குறிப்பிட்டு அவர்கள் பக்கத்தில் போட்டேன். பதினைந்தே நிமிடத்தில் பதில் வந்தது: ‘தங்கள் புகார் உரிய அலுவலரின் கவனத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டுள்ளது.’

மனம் குளிர்ந்துவிட்டது. மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தாள். “உரிய அலுவலர் என்றால் யாருங்க?” என்று கேட்டாள். ஆயுள் முழுக்க எழுத்தெழுத்தாகப் பார்த்த என் கண்ணுக்கு அது படவே இல்லை.

மூன்றாம் நாள் வார்டு எண்ணைக் கேட்டார்கள், சொன்னேன். ஐந்தாம் நாள் முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். ஒன்பதாம் நாள் தலைப்பில் இருக்கும் வாசகம் வந்தது, கூடவே ஒரு படமும். புத்தம்புது சிமெண்ட் பூச்சு, பக்கத்தில் நீல இரும்பு கேட், கேட்டின் மேல் படர்ந்த காகிதப்பூக் கொடி. எங்கள் தெருவில் காகிதப்பூவும் கிடையாது, நீல கேட்டும் கிடையாது. யாருடைய பள்ளமோ அழகாக மூடப்பட்டிருக்கிறது, அவர்கள் நன்றாக இருக்கட்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு நான் டீக்கடை வாசலில் நின்றபோதுதான் பூக்காரம்மாவின் தள்ளுவண்டிச் சக்கரம் எங்கள் பள்ளத்தில் இறங்கியது. நானும் இஸ்திரிக்காரரும் பிடித்துத் தூக்கினோம். “மூடிவிட்டதாகப் போனில் வந்திருக்கிறது என்கிறீர்கள், வண்டிக்கு அது தெரியவில்லையே சார்” என்றார் அவர், சிதறிய கனகாம்பரத்தைப் பொறுக்கிக்கொண்டே.

கடைசியில் ஒரு சனிக்கிழமை வந்து மூடினார்கள். என் புகாரால்தானா, வேறு யாராவது நேரில் போய்ச் சத்தம் போட்டார்களா, தெரியாது.

இதை வைத்து எல்லாப் பக்கங்களையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை. அடையாற்றங்கரையில் குடியிருப்பவனுக்குச் சென்னைக் குடிநீர் வாரியம் வெளியிடும் ஏரி நிலவரம் நாட்காட்டி மாதிரி. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று வரிசையாக ஏரிகள். ஒவ்வொன்றுக்கும் முழுக் கொள்ளளவு, இன்றைய இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம், சென்ற ஆண்டு இதே நாளில் எவ்வளவு இருந்தது என்பது வரை. ரோஜாப்பூ இல்லை, பொன்மொழி இல்லை, வெறும் எண்கள். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பது என் பேரனுக்கே வாய்ப்பாடு போல மனப்பாடம். காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று அந்த ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்துவிட்ட நீர் விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி வரை போனது. அன்று எங்கள் தெருவுக்கு ஏரிச் சேதி கொண்டுவந்தவர் பால்காரர்தான். நாங்கள் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுவதற்குள் தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது. எங்கே படகு, எங்கே சோறு, யாருக்கு இன்சுலின் வேண்டும் என்று முகம் தெரியாத பிள்ளைகள் ட்விட்டரில் எழுதி எழுதி ஊரைத் தாங்கினார்கள். 2019 கோடையில் அதே பட்டியலில் நான்கு ஏரிகளும் ஏறக்குறையப் பூஜ்யத்துக்கு இறங்கின. அதையும் போட்டார்கள். கெட்ட சேதியையும் எண்ணாகச் சொல்கிற பக்கத்தை நான் நம்புவேன்.

மொழிக்காக மதிப்பெண் கொடுப்பதென்றால் நுங்கம்பாக்கத்து மண்டல வானிலை ஆய்வு மையத்துக்குத்தான். ‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்ற வாசகத்தைக் கேலி செய்யாத சென்னைக்காரர் இல்லை, நானும் செய்திருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, அது மழுப்பல் இல்லை, அளந்து வைத்த சொல். ஓரிரு இடங்கள் என்றால் அந்த வட்டாரத்து மழைமானி நிலையங்களில் கால் பங்குக்குள். ஒருசில இடங்கள் என்றால் கால் பங்குக்கு மேல், பாதி வரை. கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்பதும் அப்படியே: 24 மணி நேரத்தில் ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டரில் கனமழை தொடங்குகிறது, இருபதரையைத் தாண்டினால் அதி கனமழை. ‘மிக’வுக்கும் ‘அதி’க்கும் நடுவே இத்தனை சென்டிமீட்டர் என்று கோடு கிழித்த வேறு அலுவலகத்தை நான் பார்த்ததில்லை.

சென்னை மெட்ரோ 2023இல் வாட்ஸ்அப் வழியாக டிக்கெட் கொடுக்க ஆரம்பித்தது. அசோக் நகரில் ஏறுவதற்கு முன் வாங்கிவிடுகிறேன். சொல்வதற்கு வேறொன்றும் இல்லை, வேலை செய்கிறது.

பொதுவாக எனக்கு இருக்கும் எரிச்சல் ஒன்று உண்டு. பல அலுவலகங்கள் முக்கியமான அறிவிப்பைப் படமாகப் போடுகின்றன. குடிநீர் நிறுத்தம், சாலை மாற்றம் எல்லாம் வண்ணப் பின்னணியில் பொடி எழுத்தில் இருக்கும், கீழே எழுத்தாக ஒரு வரிகூட இருக்காது. என் மாடியில் குடியிருக்கும் தம்பிக்குப் பார்வை கிடையாது. கைப்பேசி வாசித்துக் காட்டித்தான் உலகம் அறிகிறார். அந்தப் படங்களுக்கு முன்னால் அவருடைய கைப்பேசி வாயடைத்துப்போகிறது. பொங்கல் வாழ்த்து மட்டும் தவறாமல் எழுத்தாகவே வருகிறது, பல சமயம் ‘வாழ்த்துகள்’ நடுவே ஒரு ‘க்’ சேர்ந்து.

பள்ளத்துக்குப் பிறகு என் வழக்கம் மாறியிருக்கிறது. மாநகராட்சி சம்பந்தப்பட்டதென்றால் முதலில் 1913க்குத் தொலைபேசியில் சொல்லிப் புகார் எண் வாங்கிவிடுகிறேன். (மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை கட்டி முடிந்த ஆண்டும் 1913தான், மறக்காது.) அதை டைரியில் தேதியோடு எழுதிவைத்து, பிறகுதான் படத்தோடும் எண்ணோடும் ட்விட்டரில் போடுகிறேன். எண் இல்லாத புகார் காகிதப்பூ வீட்டுக்குப் போய்விடும்.

போன வாரம் பூக்காரம்மா ஒரு துண்டுச்சீட்டோடு வந்தார். அவர் தெருவில் இரண்டு கம்பங்களுக்கு மாலையில் விளக்கு எரிவதில்லை. கம்ப எண்களைப் பள்ளிக்கூடத்துப் பெண்ணைவிட்டு எழுதி வாங்கியிருந்தார். “உங்கள் பெயரில் போடாதீர்கள் சார், என் பெயரிலேயே போடுங்கள்” என்றார். 1913இல் சொல்லும்போது அவருடைய பெயரையும் கைப்பேசி எண்ணையும்தான் கொடுத்தேன், ட்விட்டரிலும் அவர் பெயரே இருக்கிறது. புகார் எண் வந்துவிட்டது. தினமும் மாலை வண்டியை என் வீட்டு வாசலில் நிறுத்தி, அந்தக் குறுஞ்செய்தியை என்னிடம் காட்டி, “இதில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா?” என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.