பெயர் 1050 டிஐ, உள்ளே வேறு சிப்: கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பழைய கம்ப்யூட்டரை அப்கிரேடு செய்யப் போகிறவர்களுக்கு

காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பழைய கம்ப்யூட்டரில் புது கேம் ஓட வைக்கக் கிராபிக்ஸ் கார்டு தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும், அவர்களுக்குக் காசு கொடுக்கும் பெற்றோரும் இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று சொல்லி, 2010-ல் வந்த ஒரு பழைய கார்டை என் அக்கா மகனிடம் 6,800 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். அது ஓடவில்லை என்று போய் நின்றவனிடம், பழியை அவன் கம்ப்யூட்டர் மேல் போட்டு இன்னொரு பொருளையும் தலையில் கட்டியிருக்கிறார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் எந்தக் கடையில் செய்தாலும் பிடித்துவிடலாம்.

பையன் மாம்பழ சீசனில் மாங்கூழ் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசு இது. பிளஸ் டூ முடித்துவிட்டு, காலேஜ் திறப்பதற்குள் தன் கம்ப்யூட்டரைத் தன் காசில் சரிசெய்துகொள்ள நினைத்தான். அதைப் பறித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

வீட்டில் இருந்தது கொரோனா சமயத்தில் ஆன்லைன் கிளாஸுக்காக செகண்ட் ஹேண்டில் வாங்கிய டவர். எச்61 என்கிற பழைய மதர்போர்டு, ஐ3-3220 பிராசஸர், 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். அவன் போட்ட திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே போர்டில் உட்காரும் ஐ5-3470, 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, அப்புறம் 1050 டிஐ. இந்த மாதிரி பழைய மெஷினுக்கு எல்லோரும் அந்தக் கார்டைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 75 வாட்தான் இழுக்கும், பெரும்பாலான மாடல்களுக்குத் தனியாகப் பவர் வயர் வேண்டாம், ஸ்லாட்டில் செருகினால் போதும். எச்61-ல் பயாஸை (மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துகொண்டால் பெரும்பாலும் சிக்கல் இல்லாமல் ஓடும்.

கிருஷ்ணகிரி டவுனில் ஒரு கடையில் எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய் 'பேக்கேஜ்' என்று பேசியிருக்கிறார்கள். "பெங்களூர் எஸ்.பி. ரோட்டு சரக்கு தம்பி, ஒரு வருஷம் வாரண்டி, நான் இருக்கேன்ல" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். எஸ்.பி. ரோடு என்பது பெங்களூரின் கம்ப்யூட்டர் பொருள் மார்க்கெட். மாட்டிக் கொடுத்து, மாட்டியிருக்கும் பொருட்களை விண்டோஸ் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று திரையில் வருவதையும் காட்டியிருக்கிறார்கள். பெயர் வருகிறது, 4 ஜிபி என்றும் காட்டுகிறது. பதினெட்டு வயதுப் பையன் அதற்கு மேல் என்ன கேட்பான்?

வீட்டுக்கு வந்து கேமைப் போட்டால் மெனு வரை நன்றாக வந்திருக்கிறது. விளையாட்டுக்குள் போனதும் சுவரும் ரோடும் கலர் கலராகக் கிழிந்து, திரை கறுத்து, கேம் வெளியே வந்துவிடும். சரி, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் பழசாக இருக்கும் என்று, சிப் கம்பெனியான என்விடியாவின் தளத்திலிருந்தே புது டிரைவர் இறக்கிப் போட்டிருக்கிறான். அதோடு டிஸ்ப்ளேயே போய்விட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பதில் தயாராக இருந்திருக்கிறது. "உன் போர்டு ரொம்ப பழசுப்பா, கார்டு ஒத்துக்கல. எஸ்எம்பிஎஸ்ஸும் பத்தல. அதை மாத்துனா சரியாயிடும்." எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் டப்பா. அதற்கு இன்னொரு 1,300 ரூபாய். புது எஸ்எம்பிஎஸ் மாட்டி, டிரைவரை அவர்களே மறுபடி போட்டு, "இனிமே அப்டேட் மட்டும் பண்ணாதே" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

இந்த வார்த்தையை யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே உஷாராகிவிடுங்கள். ஒழுங்கான கார்டை விற்றவருக்கு, நீங்கள் கம்பெனி டிரைவர் போடுவதில் என்ன பயம்?

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் சிஸ்டம் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தபோது, "மாமா, கொஞ்சம் என்னன்னு பாருங்க" என்று கேபினெட்டைத் திறந்து வைத்தான். முதலில் கண்ணில் பட்டது கார்டின் பின்பக்கம். எச்டிஎம்ஐ, டிவிஐ, கூடவே நீல நிற விஜிஏ போர்ட். அந்த நீல போர்ட்டைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. 1050 டிஐ வந்தது 2016 அக்டோபரில். அந்தத் தலைமுறை சிப்பில், விஜிஏ-வுக்கு வேண்டிய அனலாக் வெளியீடே கிடையாது. விஜிஏ போர்ட் இருந்தால் முக்கால்வாசி அது 1050 டிஐ இல்லை. தனியாக ஆறு பின் பவர் சாக்கெட்டும் இருந்தது. ஒரிஜினலிலும் சில மாடல்களுக்கு அது உண்டு, அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

ஜிபியூ-இசட் என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம், இன்ஸ்டால்கூட செய்ய வேண்டியதில்லை. திறந்தவுடன், கார்டின் பெயருக்கு முன்னால் சதுர அடைப்புக்குள் 'ஃபேக்' என்று காட்டியது. இப்படிப் போலிகளை அடையாளம் காட்டும் வசதியை 2018-லேயே அதில் சேர்த்துவிட்டார்கள். கீழே சிப் பெயர் ஜிஎஃப்106, ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சின்னச் சின்ன யூனிட்) எண்ணிக்கை 192. உண்மையான 1050 டிஐ என்றால் ஜிபி107 சிப், 768 ஷேடர் இருக்க வேண்டும். சந்தேகமே வேண்டாம் என்று ஹீட்சிங்கைக் கழற்றி, காய்ந்து கட்டியாகியிருந்த தெர்மல் பேஸ்டை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். சிப்பின் மேலேயே ஜிஎஃப்106 என்று பொறித்திருக்கிறது. ஜிடிஎஸ் 450-ல் போட்ட சிப் அது. என்விடியா அந்தத் தலைமுறைக்குப் புது கேம் டிரைவர் கொடுப்பதை 2018-லேயே நிறுத்திவிட்டது. வல்கன் என்ற கிராபிக்ஸ் தொழில்நுட்பம் கேட்கும் கேம் எதுவும் அதில் திறக்கவே திறக்காது.

எப்படிச் செய்கிறார்கள் என்றால், கார்டில் இருக்கும் பயாஸை அழித்துவிட்டு வேறு பெயரும் கூடுதல் மெமரி அளவும் எழுதுகிறார்கள். அதற்கேற்ற மாதிரி திருத்திய டிரைவரையும் போட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் அதை அப்படியே வாசித்துக் காட்டும். சரிதானா என்று சோதிக்காது. ஆர்சி புக்கில் பெயரை மாற்றி எழுதிவிட்டால் மொபெட் புல்லட்டாகிவிடாது இல்லையா, அதுதான் இங்கேயும். கார்டில் உண்மையில் இருக்கும் 1 ஜிபிக்கு மேல் கேம் மெமரி கேட்ட நிமிடம், இல்லாத இடத்தில் போய் எழுதப் பார்த்து விழுந்துவிடுகிறது. மெனு நன்றாக வந்து உள்ளே போனதும் கிழிந்ததற்குக் காரணம் இதுதான். கம்பெனி டிரைவர் போட்டவுடன் டிஸ்ப்ளே போனதற்கும் இந்தப் போலிப் பெயர்தான் காரணம். போர்டு பழசு என்பதெல்லாம் சும்மா. பழைய போர்டில் சில புதுக் கார்டுகள் எழும்பாது என்பது பொதுவாக உண்மை என்பதால், அந்தப் பொய் எல்லோரிடமும் எடுபடுகிறது.

எஸ்எம்பிஎஸ் கதை இன்னும் மோசம். கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி எடையே இல்லை. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 500 வாட். அதே ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். 12 வோல்ட்டுக்கு நேராக 14 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பன்னிரண்டைப் பதினான்கால் பெருக்கினால் 168 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது பெரும்பாலும் அந்த 12 வோல்ட் லைனில்தான். ஐ5-3470-க்கு 77 வாட், அவர்கள் தலையில் கட்டிய ஜிடிஎஸ் 450-க்கு 106 வாட். இரண்டும் சேர்ந்தாலே 183. ஃபேன், டிஸ்க் எல்லாம் கணக்கில் வரவே இல்லை. லோடு ஏறினதும் மெஷின் பட்டென்று அணைந்துவிடும் என்று பையன் சொன்னான். நான் இருக்கும்போதே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம். கருகிய வாடை வந்தது, உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டோம். உள்ளே ஒரு கெப்பாசிட்டர் வீங்கி வெடித்திருந்தது. நல்ல வேளை, போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒழுங்கான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு 30 ஆம்பியருக்கு மேல் போட்டிருக்கும், மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை இருக்கும், விலையும் இந்த 1,300-ல் வராது. நம் பக்கம் கரண்ட் ஏறி இறங்குவதற்கு, இந்த ஒரு பொருளில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

எஸ்எஸ்டியும் பிராசஸரும் சொன்னபடியே இருந்தன. ரேமும் சரி. ஆனால் பழைய ஐ3-யையும் 4 ஜிபி ரேமையும் 'எக்ஸ்சேஞ்ச்' என்று எடுத்துக்கொண்டவர்கள், அதற்கு ஒரு ரூபாய்கூடக் கழிக்கவில்லை.

அப்புறம் நானே கடைக்குப் போனேன். "அண்ணா, எங்களுக்கு வந்த பெட்டியில என்ன போட்டிருந்துச்சோ அதைத்தான் கொடுத்தோம்" என்றார். சரி, பில் கொடுங்கள் என்றேன். பையனிடம் கொடுத்திருந்தது எஸ்டிமேட் சீட்டு. 'கிராபிக்ஸ் கார்டு 1' என்று கையால் எழுதியிருக்கிறது, மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை. அடியில் மட்டும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று ரப்பர் ஸ்டாம்ப். ஜிபே போட்ட பணமும் கடைப் பெயருக்குப் போகவில்லை, யாரோ ஒருவரின் சொந்த நம்பருக்குப் போயிருக்கிறது.

அந்த ஸ்டாம்பைப் பார்த்துப் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். வர வேண்டியதில்லை. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் கொடுக்காமல் விற்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு காசு கொடுக்க மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறை என்று எழுதியே இருக்கிறது. காசைத் திருப்பிக் கொடுக்கப் பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று கணக்கு. ஸ்டாம்ப் குத்திவிட்டால் சட்டம் மாறிவிடாது.

1915-க்குப் போன் செய்தோம். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். புகார் பதிவானதும் கடையிலிருந்து பையனுக்குப் போன் வந்தது. "கார்டைக் கொண்டா தம்பி, 3,000 தர்றேன், கம்ப்ளைன்ட்டை வாபஸ் வாங்கிடு" என்றார்களாம். பையனுக்குச் சபலம்தான், காலேஜ் செலவு இருக்கிறது. நானும் அக்காவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, நுகர்வோர் புகாருக்கான இ-ஜாக்ரிதி அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். கடை பெங்களூரிலோ சேலத்திலோ இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. எஸ்.பி. ரோட்டில் வாங்கி ஏமாந்தவர்களுக்கு இது தெரிய வேண்டும். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

இப்போது வாங்கப் போகிறவர்களுக்கு. கடையில் ஜிபியூ-இசட்டை உங்கள் பென்டிரைவிலிருந்து திறந்து பாருங்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருப்பதைத் திறக்கச் சொல்லாதீர்கள். கார்டுக்கு முழு லோடு கொடுக்கும் யூனிஜின் ஹெவன் என்ற இலவச சோதனையை ஒரு கால் மணி நேரம் ஓட விடுங்கள். என்விடியா தளத்து டிரைவரை அங்கேயே போடச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்கிற கடையில் கார்டு வாங்காதீர்கள். மாடலும் சீரியல் நம்பரும் போட்ட ஜிஎஸ்டி பில் கேளுங்கள். தமிழ்நாட்டுக் கடை என்றால் அதில் இருக்கும் 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பர் 33-ல் தொடங்கும்.

செலவு செய்யும் முன் இன்னொன்றையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும், இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஐ5-3470-ல் ஏவிஎக்ஸ்2 என்கிற பிராசஸர் வசதி கிடையாது. அது கட்டாயம் என்கிற சில புதுக் கேம்கள் எந்தக் கார்டு போட்டாலும் திறக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி விண்டோஸ் 11-க்குக் குறைந்தது எட்டாம் தலைமுறை இன்டெல் வேண்டும், விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் வந்த கேம்களை ஓட்ட இந்த மெஷின் போதும். நேற்று வந்த கேம்தான் வேண்டும் என்றால், 14,500-ஐ இதில் கொட்டாமல் சேர்த்து வைத்து எட்டாம் தலைமுறைக்கு மேலே ஒரு செகண்ட் ஹேண்ட் மெஷின் பார்ப்பது மேல்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் கார்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காசுக்குக் காத்திருக்காதீர்கள். அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி. ஜிபியூ-இசட் திரையையும் சிப் மேல் இருக்கும் எழுத்தையும் படம் எடுத்து, எஸ்டிமேட் சீட்டு, ஜிபே விவரம், வாட்ஸ்அப்பில் பேசியது எல்லாவற்றையும் சேர்த்து வைத்துவிட்டு 1915-க்குப் போன் போடுங்கள்.