வாடகை ஆட்டோவா, உணவு டெலிவரியா, மூட்டை தூக்குவதா?

மாதச் சம்பளம் இல்லாமல் மதுரையில் பிழைக்க இறங்குபவர்கள், நாளைக்கு எவ்வளவு கிடைக்கும் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். வேலை இல்லாத நாளில் கைக்காசு எவ்வளவு கரையும் என்று கேட்டுப் பார்த்தால் மூன்று தொழில்களின் சாயமும் வெளுத்துவிடும்.

வாடகை ஆட்டோவில் சாவியை வாங்கும்போதே கடன் ஏறிவிடுகிறது. பெரியார் பேருந்து நிலையத்துக்கும் மாட்டுத்தாவணிக்கும் ஓடி எடுப்பதில் வாடகையும் எரிபொருளும் போக மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. சித்திரைத் தேரோட்டத்தன்று ஊர் முழுக்க ஜனம் இருக்கும். ஆனால் தேர் ஓடும் மாசி வீதிகளுக்குள் ஆட்டோ நுழைய முடியாது. இப்படி இரண்டு நாள் முடங்கினால் தண்டல்தான் கதி. வழக்கமான தண்டலில் 10,000 ரூபாய் என்று பேசி, வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். சவாரி கிடைத்ததா என்று தண்டல்காரர் கேட்கப்போவதில்லை.

டெலிவரியில் வாடகை கிடையாது, நினைத்தால் விடுப்பு எடுக்கலாம் என்பார்கள். பைக் தவணைக்கு விடுப்பு உண்டா? ஊக்கத்தொகைக்கு ஓர் ஆர்டர் குறையும்போது, நள்ளிரவில் பரோட்டாக் கடை வாசலில் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கை நிறுவனம் ஒரே இரவில் மாற்றிவிட்டால், யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ஆட்டோவுக்காவது முகம் தெரிந்த முதலாளி இருக்கிறார்.

கீழமாசி வீதி மண்டிகளில் மூட்டை தூக்குவதற்கு முதலீடு ஒரு கொக்கியும் துண்டும்தான். கூலி மூட்டைக் கணக்கு. சங்கம் வலுவாக இருக்கும் இடத்தில் அன்றைய வரவை ஒன்றாகச் சேர்த்து மாலையில் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். வயதானவர் நாலு மூட்டை குறைவாகச் சுமந்தாலும் பங்கு குறையாது. லாரி வராத நாளில் எல்லோருக்கும் வெறுங்கை, ஆனால் எவருக்கும் கடன் ஏறாது. இடுப்பு போய்விடும் என்பது உண்மைதான். ஆட்டோவும் பைக்கும் இடுப்பை விட்டுவைக்கின்றனவா என்ன!

என் ஓட்டு மண்டிக்கு, நாற்பது வயதுவரை. பைக் தவணையை முடித்தவர் டெலிவரிக்குப் போகலாம். வாடகை ஆட்டோவை எவருக்கும் சொல்லமாட்டேன். சொந்த ஆட்டோ என்றால் பேச்சே வேறு.

எதில் இறங்கினாலும் முதல் வாரமே நலவாரியத்தில் பதிந்துவிடுங்கள். மூட்டை தூக்குபவர் போன்ற உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வாரியம் இருக்கிறது. ஆட்டோ ஓட்டுநர்களுக்குத் தனி வாரியம் உண்டு. டெலிவரி போன்ற இணையவழித் தொழிலாளர்களுக்கு 2023இல் அரசு வாரியம் அமைத்தது. விபத்து நடந்த பிறகு போய்ப் பதிந்தால் அந்த விபத்துக்கு உதவி கிடைக்காது.