ஏழு வருடம், இரண்டு டன் உப்பு: வீட்டு வாட்டர் சாஃப்ட்னர் அனுபவம்

கோவையில் தண்ணீரை இரண்டாகப் பிரிப்போம். சிறுவாணியோ பில்லூரோ குழாயில் வந்தால் நல்ல தண்ணி, போரில் வந்தால் உப்புத் தண்ணி. எங்கள் வீடு சரவணம்பட்டி பக்கம். நல்ல தண்ணி வருகிற அன்று பிடித்து வைத்தால் சமையலுக்கும் குடிக்கவும் சரியாக இருக்கும். குளிக்க, துவைக்க, வீடு கழுவ எல்லாவற்றுக்கும் 850 அடி போர்தான். அந்த உப்புத் தண்ணிக்காக 2018-இல் ஒரு வாட்டர் சாஃப்ட்னர், அதாவது தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் கருவி, வாங்கினோம். ஏழு வருடமாக அதை நானே பராமரித்து வருகிறேன். வாங்குகிற முன் எனக்கு யாரும் சொல்லாத விஷயங்கள் சில இருக்கின்றன, அவற்றை எழுதுகிறேன்.

முதலில் உப்புத் தண்ணி என்ற பெயரே குழப்பும். நாக்கில் கரிப்பது சோடியம் குளோரைடு. வாளியில் வெள்ளையாகப் படிவதும், ஷவர் ஓட்டைகளை அடைப்பதும், துண்டை அட்டை மாதிரி விறைக்க வைப்பதும் அது இல்லை, கால்சியமும் மக்னீசியமும். மழைநீர் மண்ணில் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறிப் போகிறது. வழியில் சுண்ணாம்புக்கல் இருந்தால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. இந்தப் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்குக் குறைவில்லை, மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்ததே அதனால்தான்.

வாங்குவதற்கு முன் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். மொத்தக் கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியத்தின் அளவு, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டது) லிட்டருக்கு 600 மில்லிகிராம், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாப் பொருளின் மொத்த அளவு) 1400. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவாக 200-ஐயும், வேறு வழியில்லாத இடத்தில் அனுமதிக்கும் உச்சமாக 600-ஐயும் வைத்திருக்கிறது. நாங்கள் அந்த உச்சக் கோட்டில் நின்றுகொண்டிருந்தோம்.

இந்தத் தண்ணீரோடு பல தலைமுறை வாழ்ந்திருக்கிறார்கள். என் பாட்டி தலைக்கு அரப்புதான் போடுவார். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கால்சியத்தைப் பார்த்தவுடன் சோடியத்தை விட்டுவிட்டு அதோடு சேர்ந்து, கரையாத பிசுக்காகத் திரிந்துவிடும். அரப்பிலும் சீயக்காயிலும் நுரைப்பது சப்போனின், அதைக் கால்சியம் அப்படித் திரிய வைப்பதில்லை. உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது என்பதற்கும் காரணம் இதே கால்சியம்தான். பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை இன்னும் இறுக்கிவிடுகிறது. சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் வேகும் என்று அம்மா கண்டுவைத்திருந்தது சரியான வேதியியல்.

சரி, இயந்திரத்துக்கு வருகிறேன். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஒரு ஃபைபர் உருளை, அதற்குள் 25 லிட்டர் ரெசின், பக்கத்தில் உப்புக் கரைக்க ஒரு தொட்டி, மேலே கையால் திருப்பும் வால்வு. ரெசின் பார்க்கக் கேழ்வரகு மணியைவிடச் சின்னதாக, தேன் நிறத்தில் இருக்கும். அது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். அதன் சங்கிலியில் கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த எதிர்மின் தொகுதிகள் சகப்பிணைப்பால் ஒட்டியிருக்கின்றன, அவை கழன்று போகாது. ஆனால் அந்த ஒவ்வொரு தொகுதியின் அருகிலும் நிற்கிற சோடியம் வெறும் மின் ஈர்ப்பில்தான் நிற்கிறது. இரட்டை நேர்மின்சுமையோடு கால்சியம் வந்தால் ரெசின் அதை இன்னும் வலுவாக இழுத்துக்கொள்ளும். ஒரு கால்சியம் உள்ளே, இரண்டு சோடியம் வெளியே. பத்தாம் வகுப்பில் அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு என்று அட்டவணை போட்டு எழுதியபோது, இந்த வித்தியாசத்தை நம்பி ஒரு கருவியே நிற்கும் என்று தோன்றியதில்லை.

ஆகவே இது தண்ணீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் இல்லை, பண்டமாற்று செய்யும் இயந்திரம். எங்களுக்கு வந்த எல்லாச் சிக்கலும் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால்தான் வந்தது.

உதாரணத்துக்கு டிடிஎஸ். பக்கத்து வீட்டு நண்பர் ஒருநாள் பேனா மாதிரி இருக்கும் மீட்டரைக் கொண்டுவந்து பார்த்துவிட்டு, "சார், உங்க மெஷின் வேலையே செய்யல, அப்படியே 1400 காட்டுது" என்றார். அது அப்படித்தான் காட்டும். 40 எடையுள்ள ஒரு கால்சியம் போய், 23 வீதம் இரண்டு சோடியம் வருகிறது, அதாவது 46. மொத்தக் கரைபொருள் துளிகூடக் குறையாது, ஒரு நூல் கூடத்தான் செய்யும். சாஃப்ட்னர் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொட்டு சொட்டாக விடும் கடினத்தன்மைச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரி முதலாண்டில் எடிடிஏ டைட்ரேஷன் செய்திருந்தால் உடனே பிடிபடும். ஒயின் சிவப்பிலிருந்து நீலமாக மாறும் அதே நிறமாற்றம்தான்.

இந்தப் பண்டமாற்றில் வருகிற சோடியம் கொஞ்சமில்லை. கடினத்தன்மை ஒவ்வொரு 100 மில்லிகிராமுக்கும் சுமார் 46 மில்லிகிராம் சோடியம் சேரும். எங்கள் தண்ணீரில் அது லிட்டருக்கு 276 மில்லிகிராம். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. அதனால் சமையலறைக்கு இந்த லைனைக் கொடுக்கவே இல்லை. வீடு கட்டுகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்கும் ஒரே விஷயம் இது: குளியலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் மட்டும் தனி லைன் இழுங்கள். சமையலறை, தோட்டம், கழிப்பறை, வாசல் குழாய் நான்கும் அந்த லைனில் சேரக் கூடாது. நாங்கள் பிறகு சுவரை உடைத்து மாற்றினோம், அதற்கு ஆன செலவு சாஃப்ட்னர் விலையில் பாதியை எட்டியது.

இனி உப்புக் கணக்கு. 25 லிட்டர் ரெசின், நடைமுறையில் லிட்டருக்கு 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் என்று வைத்தால் 1250 கிராம். எங்கள் தண்ணீருக்கு அது சுமார் 2000 லிட்டர். ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு 400 லிட்டர் ஓடுகிறது, ஆக ஐந்து நாளுக்கு ஒருமுறை உப்புக் கரைசல் விட்டு ரெசினைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு முறையும் 4 கிலோ கல் உப்பு, சுமார் 200 லிட்டர் தண்ணீர். மாதம் ஒரு 25 கிலோ மூட்டை.

இதில் ஒரு விஷயம் என்னை ரொம்ப நாள் உறுத்தியது. சமன்பாட்டின்படி 1250 கிராம் கடினத்தன்மையை வெளியேற்ற ஒன்றரை கிலோ உப்பு போதும். மீதி இரண்டரை கிலோ எதற்கு? ரெசினுக்குக் கால்சியம்தான் பிடிக்கும், தானாக விடாது. எண்ணிக்கையில் பல மடங்கு சோடியத்தைக் கொண்டுவந்து நெருக்கினால்தான் அது இடம் விடும். அந்த நெருக்கடிக்கான கூலிதான் அந்தக் கூடுதல் உப்பு. ஆனால் கூலியை எவ்வளவு கொடுப்பது என்பது நம் கையில் இருக்கிறது. மூன்று கிலோவாகக் குறைத்துப் பார்த்தேன். ஐந்து நாளுக்குப் பதில் நாலரை நாள் வந்தது. நாள் கணக்கில் பார்த்தால் உப்பு ஆறில் ஒரு பங்கு மிச்சம். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அப்புறம், தூத்துக்குடி உப்பேயானாலும் வெள்ளையாகக் கழுவின கல் உப்பாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான உப்பில் மண்ணும் மக்னீசியமும் இருக்கும். எதை வெளியேற்றுகிறோமோ அதையே திரும்ப ஊற்றுவது போல ஆகிவிடும்.

மூன்றாவது வருடம் போரை இன்னும் ஆழப்படுத்தினோம். அதன் பிறகு பிடிக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர், ஒரு மணி நேரத்தில் செம்மண் நிறமாக மாறியது. சாஃப்ட்னர் நாலரை நாளுக்குப் பதில் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. பார்க்க வந்த டெக்னீஷியன் "ரெசின் போச்சு, முழுசா மாத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சந்தேகம். ஒரு கைப்பிடி ரெசினை எடுத்துப் பார்த்தால் தேன் நிறம் போய்ப் பனங்கருப்பட்டி நிறம். அது இரும்பு. நிலத்துக்கடியில் காற்றுப் படாமல் கரைந்து கிடக்கும் இரும்பு, ஆக்சிஜன் பட்டதும் துருவாகிப் படிகிறது, இங்கே மணி மணியாக ரெசின் மேலேயே படிந்திருந்தது. சிட்ரிக் அமிலம் வாங்கி, வாளித் தண்ணீரில் கரைத்து, உருளைக்குள் ஓர் இரவு ஊறவிட்டேன். சிட்ரிக் அமிலம் இரும்பைப் பல பக்கமும் கவ்விக் கரைசலுக்குள் இழுத்துவிடும். காலையில் வெளியே வந்த தண்ணீர் கடுங்காப்பி மாதிரி இருந்தது. இரண்டு முறை செய்த பிறகு நாலரை நாள் திரும்பி வந்தது. அதற்குப்பின் போர்த் தண்ணீரை ஓட்டை போட்ட குழாய் வழியாக மழை போலத் தொட்டியில் விழ வைக்கிறோம். துரு அங்கேயே உண்டாகிப் படிந்துவிடுகிறது, மிச்சத்தை மணல் வடிகட்டி பிடிக்கிறது. அதே ரெசின்தான் இன்றும் ஓடுகிறது.

பலன் என்ன என்று கேட்டால், கீசரைத்தான் காட்டுவேன். முன்பு மூன்று வருடத்தில் இரண்டு ஹீட்டிங் காயில் எரிந்துபோனது. கழற்றினால் மேலே வெள்ளைப் பாறை. முட்டை ஓடு எந்தப் பொருளோ அதேதான், எலுமிச்சை பிழிந்தால் நுரைத்துக் கரையும். 2023-இல் திறந்து பார்த்தபோது காயில் மேல் மெல்லிய சாம்பல் படலம் மட்டும் இருந்தது. ஆனால் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னை இழக்கும் மக்னீசியம் கம்பி பென்சில் அளவுக்குத் தேய்ந்திருந்தது. வெள்ளைப் படலம் இல்லாத தொட்டியில் அது சீக்கிரம் கரையும், இரண்டு வருடத்துக்கொருமுறை கழற்றிப் பாருங்கள். சோப்புச் செலவு பாதியாகக் குறைந்தது. அம்மாவுக்குத்தான் ஆறு மாதம் பழகவில்லை. "எத்தனை தண்ணி ஊத்தினாலும் வழுவழுன்னே இருக்குது, சோப்பு போகவே மாட்டேங்குது" என்பார். முடி உதிர்வது நின்றுவிடும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், எங்கள் வீட்டில் நிற்கவில்லை. முடியின் சொரசொரப்பு குறைந்தது, அவ்வளவே.

இன்னொன்றும் குறைந்தது, டைல்ஸ் கறைக்கு ஆசிட் ஊற்றுவது. அது கறையோடு சேர்த்து இடுக்குச் சிமெண்டையும் குழாயின் குரோம் பூச்சையும் தின்றுவிடும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் மட்டும் ஒருபோதும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கடைசியாக எனக்கு மனது கேட்காத விஷயம். முதலில் கழிவு உப்புநீரைக் கொல்லைப்புறம் விட்டோம். இரண்டாவது வருடம் கருவேப்பிலை மரத்தின் இலை ஓரங்கள் கருக ஆரம்பித்தன. ஆடி முடிவதற்குள் மரம் பட்டுவிட்டது, அம்மா வைத்து வளர்த்த மரம். அந்த இடத்து மண் காய்ந்தால் சிமெண்ட் தளம் மாதிரியும், நனைந்தால் தண்ணீர் இறங்காத சேறாகவும் ஆனது. களிமண்ணும் ரெசின் போல எதிர்மின்சுமை கொண்டது. மண்ணைப் பொலபொலவென்று வைத்திருந்த கால்சியத்தைத் தள்ளிவிட்டுச் சோடியம் உட்கார்ந்துவிட்டது. இந்தப் பண்டமாற்றை மனிதர்கள் முதலில் கண்டதே மண்ணில்தான். 1850-இல் இங்கிலாந்தில் தாம்சனும் வேயும், மண் வழியாக உரக் கரைசலை ஊற்றினால் அம்மோனியம் உள்ளே தங்கி, கால்சியம் வெளியே வருவதைக் கவனித்து எழுதினார்கள். களர் நிலத்துக்கு நம் விவசாயிகள் ஜிப்சம் போடுவதும் அதே கணக்கைத் திருப்பிப் போடுவதுதான். நானும் ஜிப்சம் போட்டேன், ஐப்பசி மழைக்குப் பிறகு மண் கொஞ்சம் இளகியது.

இப்போது கழிவுநீர் சாக்கடைக்குப் போகிறது. என் கண்ணை விட்டு மறைகிறது, ஆனால் உப்பு மட்குவதும் இல்லை, ஆவியாவதும் இல்லை. ஏழு வருடத்தில் ஏறத்தாழ இரண்டு டன். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்பு நொய்யல் ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணை வரை நீரையும் நிலத்தையும் கெடுத்ததும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டறைகளை மூடச் சொன்னதும் இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டு அளவு சின்னதுதான். இப்போது எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது வீட்டில் சாஃப்ட்னர் இருக்கிறது.

போன மாதம் தம்பி புது வீட்டுக்கு ஒன்று வாங்கலாமா என்று கேட்டான். முதலில் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னேன். கடினத்தன்மை 240 வந்தது. வேண்டாம், கீசருக்கு வருடம் ஒருமுறை சிட்ரிக் அமிலம் போட்டால் போதும் என்று சொல்லி, என்னிடம் மிச்சமிருந்த பொட்டலத்தைக் கொடுத்தனுப்பினேன்.