எம்.ஆர்., எம்.எம்.ஆர்., எம்.எம்.ஆர்.வி.: பொன்னுக்கு வீங்கிக்கு எந்த ஊசி?

தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என இரண்டு எம்.ஆர். ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் அது நல்ல பாதுகாப்பு. பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து அதில் இல்லை. "அட்டையில் இருக்கிற எல்லா ஊசியும் போட்டாச்சே, பிறகு எப்படிக் கன்னம் வீங்கியது?" என்று பெற்றோர் திகைப்பது இதனால்தான். அந்த மூன்றாவது நோய்க்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசிக்கு இங்கே தனியார் மருத்துவரிடம்தான் போக வேண்டும். இலங்கையில் நிலைமை வேறு. அங்கே கூகைக்கட்டுக்கும் (பொன்னுக்கு வீங்கியை அங்கே அழைக்கும் பெயர்) சேர்த்த எம்.எம்.ஆர். ஊசியே அரசு அட்டவணையில் 9 மாதத்திலும் 3 வயதிலும் வருகிறது.

தட்டம்மை உயிரைப் பறிக்கும். கருவுற்றவருக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இதயம் பாழாகும். அவற்றோடு ஒப்பிட்டால் பொன்னுக்கு வீங்கி சிறிய நோய் என்று அரசுத் திட்டம் அதைப் பின்னுக்குத் தள்ளியது. சின்னப் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு வாரக் காய்ச்சலும் வீக்கமுமாகப் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் பருவம் வந்தபின் ஊசி போடாத ஆணுக்கு வந்தால் 100 பேரில் 30 பேர் வரைக்கும் விரை வீங்குகிறது. மூளையுறை அழற்சி, கணைய அழற்சி, அரிதாக ஒரு காது நிரந்தரமாகக் கேளாமல் போவது ஆகியவையும் உண்டு. 2024இல் கேரளத்தில் பல்லாயிரம் பேருக்கு இது பரவியது. அரைகுறையாகச் சிலர் மட்டும் ஊசி போட்டுக்கொள்ளும் ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: கிருமி மெதுவாகச் சுற்றும், ஊசி போடாத பிள்ளை சிறுவயதில் தப்பித்து, வளர்ந்தபின் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் 80 சதவீதத்துக்கு மேல் குழந்தைகளை எட்ட முடிந்தால் மட்டும் இதைத் திட்டத்தில் சேருங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் நாடுகளுக்குச் சொல்கிறது.

முழுக்கத் தனியாரில் போடுவதா, அரசு ஊசியோடு சேர்ப்பதா?

இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அட்டவணை 9 மாதம், 15 மாதம், 4 முதல் 6 வயது என மூன்று எம்.எம்.ஆர். தவணைகளைச் சொல்கிறது. 9 மாதத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குழந்தையின் உடலில் மிச்சமிருக்கலாம். அது ஊசியிலுள்ள, வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமியை அடக்கிவிடும். ஆகவே ஒரு வயதுக்கு முந்தைய தவணையைக் கணக்கில் நம்ப வேண்டாம். அதற்குப் பிறகு வரும் இரண்டுதான் முக்கியம்.

இரண்டையும் எடை போட்டால் கலப்பு வழியே பெரும்பாலான குடும்பங்களுக்குச் சரி என்பது எங்கள் தீர்ப்பு. 9 மாத எம்.ஆரை அரசு நிலையத்திலேயே போடுங்கள். தனியாரில் எம்.எம்.ஆர். வரட்டும் என்று தள்ளிப்போடுவது பெரிய தப்பு. அந்த இடைவெளியில் தட்டம்மை வந்துவிடும். 15 மாதத்தில் எம்.எம்.ஆர். போட்டு அட்டையில் எழுதி வாங்கிக் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே இரண்டாவது எம்.ஆர். போட்டாயிற்று என்றால், 4 வாரம் கழித்து எம்.எம்.ஆர். போடலாம். தட்டம்மை, ரூபெல்லா மருந்து ஒருமுறை கூடுதலாகப் போவதால் கெடுதல் இல்லை. 4 முதல் 6 வயதுக்குள் அடுத்தது. ஒரு தவணை பொன்னுக்கு வீங்கியை ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு தடுக்கும். இரண்டு தவணை 86 முதல் 88 சதவீதம் வரை. பள்ளியில் சேர்ந்த பரபரப்பில் பலர் விடுவது இந்தக் கடைசித் தவணையைத்தான்.

எம்.எம்.ஆர்.வி. என்பது சின்னம்மை மருந்தையும் சேர்த்தது. ஒரு குத்து மிச்சம். ஆனால் 12 முதல் 23 மாதக் குழந்தைக்கு முதல் தவணையாகப் போட்டால், தனித்தனியாகப் போடுவதைவிடக் காய்ச்சல் வலிப்பு சற்றுக் கூடும். ஏறக்குறைய 2,300 முதல் 2,600 குழந்தைகளுக்கு ஒன்று கூடுதல். முதல் தவணைக்கு எம்.எம்.ஆர்., சின்னம்மை இரண்டையும் ஒரே நாளில் தனி ஊசிகளாகப் போடுங்கள். அதே நாளில் போடவில்லை என்றால் 28 நாள் இடைவெளி கட்டாயம்; இடையில் போட்டால் பின்னால் போட்டது சரியாகப் பிடிக்காது.

எந்தத் தயாரிப்பு?

சீரம் இன்ஸ்டிட்யூட்டின் டிரெசிவாக்கில் இருப்பது லெனின்கிராட்–சாக்ரெப் வகைக் கிருமி. ஜி.எஸ்.கே.யின் பிரியாரிக்சில் இருப்பது ஜெரில் லின் வகையிலிருந்து எடுத்தது. 1963இல் அமெரிக்கத் தடுப்பூசி ஆய்வாளர் மாரிஸ் ஹில்லெமன் தன் மகளின் தொண்டையிலிருந்து எடுத்த கிருமிதான் ஜெரில் லின். நோயைத் தடுப்பதில் இரண்டும் நம்பத்தக்கவை. மூளையுறை அழற்சி என்ற பக்கவிளைவு ஜெரில் லினில் மிகமிக அரிது. லெனின்கிராட்–சாக்ரெபில் அதைவிடச் சற்றுக் கூடுதல், பெரும்பாலும் தானே ஆறிவிடும். கையில் காசிருந்தால் ஜெரில் லின் வகையைத் தேடலாம். கிடைக்கவில்லை என்று மாதக்கணக்கில் காத்திருப்பதில் பொருளில்லை. உராபே என்ற இன்னொரு வகையில் இந்தப் பக்கவிளைவு கூடியதால்தான் 1992இல் பிரிட்டன் சில தயாரிப்புகளை நிறுத்தியது; 1993இல் ஜப்பான் எம்.எம்.ஆரையே கைவிட்டது.

எதை வாங்கினாலும் ஊசி அறையில் கவனிக்க வேண்டியது ஒன்றே. மருந்து உலர்ந்த தூளாக 2 முதல் 8 டிகிரியில், வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். கூடவே வரும் கரைப்பானில் மட்டும் கரைக்க வேண்டும். கரைத்த குப்பி 6 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளியிலிருந்து புகுந்த நோய்க்கிருமி அதில் வளர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அளவு 0.5 மி.லி., மேல்கையில், தோலுக்கு அடியில். ஸ்பிரிட் துடைத்த இடம் காய்ந்த பின்பே குத்த வேண்டும். காய்ச்சல் அன்றே வராது, 5 முதல் 12 நாள் கழித்து வரும். முட்டை ஒவ்வாமை தடையில்லை. நியோமைசின், ஜெலட்டின் கடும் ஒவ்வாமை தடை.

பெரியவர்களுக்கு: ரத்தப் பரிசோதனையா, நேரடியாக ஊசியா?

நேரடியாக ஊசி. எதிர்ப்பொருள் அளவு பாதுகாப்பைச் சரியாகக் காட்டுவதில்லை. "சின்ன வயசில் கன்னம் வீங்கியது" என்ற நினைவும் போதாது; உமிழ்நீர்ச் சுரப்பியில் கல் அடைத்தாலும் வீங்கும். 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணை. கர்ப்பிணிகளுக்கும் நோயெதிர்ப்பு மிகக் குறைந்தவர்களுக்கும் கூடாது. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். பாலூட்டுபவர் போடலாம். பெண்களுக்குச் சில நாள் மூட்டுவலி வரலாம். ரூபெல்லா மருந்தினால் வருவது அது.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் போகும் மாணவர்கள் குறிப்பாகக் கவனியுங்கள். பல இடங்களில் இரண்டு எம்.எம்.ஆர். கேட்பார்கள். எம்.ஆரும், ஒரு வயதுக்கு முன் போட்டதும் அந்தக் கணக்கில் சேராது. விடுதிகளில் இந்த நோய் வேகமாகப் பரவுவதால், பரவல் நேரத்தில் மூன்றாவது தவணை போட 2017 முதல் அங்கே பரிந்துரை உண்டு.

வீட்டில் ஒருவருக்கு வீங்கியபின் மற்றவருக்குப் போடும் ஊசி, அந்தத் தொற்றைத் தடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தட்டம்மையில் 72 மணி நேரத்துக்குள் போட்டால் கிடைக்கும் பலன் இங்கே இல்லை. அடுத்த முறைக்குத்தான் அது உதவும். நோயாளி வீக்கம் தொடங்கி 5 நாள் தனித்திருக்கட்டும். மற்றவர்களைத் தொடர்பு ஏற்பட்ட நாளிலிருந்து 25 நாள் வரை கவனியுங்கள்.