செயற்கைக் கண்: வருஷங்கள் போனபின் தெரிபவை

பார்வை திரும்ப வழியில்லை, வலி மட்டும் விடமாட்டேன் என்கிறது. கண்ணை எடுக்கும் பேச்சு அப்போதுதான் வரும். முற்றிய கண் நீர் அழுத்தம், சர்க்கரையால் உள்ளே புது ரத்தக் குழாய் முளைத்து ஏறிய அழுத்தம், பழைய அடி என்று காரணம் பல. அட்ரோபின், ஸ்டீராய்டு சொட்டு மருந்து, லேசர் எல்லாம் பார்த்தும் அடங்காவிட்டால் ஆபரேஷன்.

வெள்ளை விழியின் உறையை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் எடுப்பது ஒரு வகை. தசைகள் ஒட்டியபடியே இருப்பதால் செயற்கைக் கண்ணின் அசைவு பொதுவாக நன்றாக வரும். கண்ணை முழுசாக எடுப்பது இன்னொரு வகை. கட்டி இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் இதுதான் சரி. டாக்டர் பார்த்தால் உள்ளே எதுவும் தெரியாத கண் என்றால் முதலில் ஸ்கேன் அவசியம். வேலூர் ஆரணி ரோடு ஷெல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, வேறெங்கு போனாலும் சரி, எந்த வகை ஆபரேஷன், எடுத்த இடத்தை நிரப்ப உள்ளே வைத்த உருண்டை எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பொருள் என்று ஃபைலில் எழுதி வாங்கிவிடுங்கள். பின்னால் கட்டாயம் கேட்பார்கள்.

கண்ணின் கொள்ளளவு ஏறக்குறைய 7 மில்லி. பெரியவர்களுக்கு வழக்கமாக வைக்கும் 20 மி.மீ. உருண்டை 4 மில்லிக்குச் சற்று மேல் நிரப்பும். மீதியை, பார்க்கக் கண் போலவே இருக்கும், வெளியே மாட்டும் ஓடு ஈடுகட்ட வேண்டும். உருண்டை சின்னதாகிப்போனால் சில வருஷத்தில் மேல் இமைக்கு மேலே பள்ளம் விழும். பலரும் "ஓட்டைக் கனமாகச் செய்து கொடுங்கள்" என்று கேட்பது இங்கேதான். அப்படிச் செய்தால் எடை முழுக்கக் கீழ் இமையில் இறங்கி, இமை தொங்கி, ஓடு நழுவ ஆரம்பிக்கும். பள்ளம் அதிகமென்றால் உள்ளே கொள்ளளவைக் கூட்டுவதே வழி. துளையுள்ள உருண்டையில் ரத்தக் குழாய் ஊடுருவி வளரும், ஆனால் சொரசொரப்பால் மேல்தோல் அரிபட்டுத் திறக்கவும் கூடும். வெளி ஓட்டோடு ஆணி வைத்து இணைக்காதவரை அசைவில் பெரிய வித்தியாசமில்லை. செலவு இடித்தால் சாதா அக்ரிலிக் உருண்டையே போதும் என்பது எங்கள் கருத்து.

ஆபரேஷன் முடிந்ததும் வைக்கும் தற்காலிக ஓட்டை எடுக்காதீர்கள். விழுந்துவிட்டால் குழி சுருங்கிப்போகுமுன் டாக்டரைப் பாருங்கள். சுமார் 6 வாரம் கழித்து அச்செடுத்துச் செய்யும் ஓடு, ரெடிமேட் ஓட்டைவிடப் பல மடங்கு மேல்.

ஓட்டைத் தினமும் கழற்ற வேண்டாம். கழற்றக் கழற்ற உள்தோல் புண்ணாகும். மாதம் ஒரு தரம் கழுவினால் பலருக்கும் போதும். வாஷ்பேசினில் துண்டை விரித்துக்கொண்டு, கீழ் இமையைக் கீழே இழுத்து அழுத்தினால் ஓடு கையில் வழுக்கி விழும். மிதமான சோப்புத் தண்ணீரில் விரலால் தேய்த்து அலசுங்கள். ஸ்பிரிட், டெட்டால், வெந்நீர் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல் வரும். கழற்றி வைத்தால் தண்ணீரிலேயே போட்டு வையுங்கள்.

வருஷத்துக்கு ஒரு தரம் பாலிஷ், 5 வருஷத்தில் புது ஓடு. கீறலில் அழுக்குப் படிந்துதான் பூளை கட்டுகிறது; சொட்டு மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட பாலிஷ் போட்டால் கேட்கும். ரத்தம் கலந்த கசிவோ நாற்றமோ இருந்தால், ஓட்டைக் கழற்றியதும் உள்தோலில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால், அந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.

கத்திரி வெயிலில் காட்பாடி ரோட்டுத் தூசியில் வண்டி ஓட்டிவிட்டு வந்தால், கண்ணை மூடி மூக்குப் பக்கமாகத் துடையுங்கள். வெளிப்பக்கம் இழுத்தால் ஓடு திரும்பிக்கொள்ளும். பவர் இல்லாவிட்டாலும் பாலிகார்பனேட் கண்ணாடி எப்போதும் போடுங்கள், மிச்சமிருப்பது ஒரே கண். வெல்டிங், கல் உடைக்கும் வேலைக்குப் பக்கவாட்டு மறைப்பும் வேண்டும்.