எட்டு வருஷமாகத் தென்னை ஏறும் மிஷின்

ஆனைமலைப் பக்கம் எங்களுக்கு 62 நெட்டைத் தென்னை. 2016-இல் மழை பொய்த்ததும் காய் குறைந்தது. வழக்கமாக வருகிற காய் போடும் ஆட்களும் திருப்பூர் வேலைக்கு நகர்ந்துவிட்டார்கள். அடுத்த வருஷம் 3,200 ரூபாய் கொடுத்து ஒரு மரம் ஏறும் மிஷின் வாங்கினேன். அதே மிஷினில்தான் இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உட்கார்ந்து ஏறுவது, இன்னொன்று நின்று ஏறுவது. என்னுடையது நின்று ஏறுவது. கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி கண்டுபிடித்த அமைப்பு, ஊரில் எல்லோரும் அவர் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். நான் வாங்கியது அதைப் பார்த்து ஒரு பட்டறையில் அடித்தது. இடதுகாலுக்கு ஒரு சட்டம், வலதுகாலுக்கு ஒரு சட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு மிதி, ஒரு கைப்பிடி, மரத்தைச் சுற்றி வளைத்துக் கொக்கியில் மாட்ட ஒரு கம்பிக்கயிறு. மிதியில் எடையைப் போட்டால் கயிறு இறுகி, சட்டத்திலுள்ள ரப்பர் தென்னையைக் கவ்விக்கொள்ளும். காலைத் தூக்கினால் தளரும், கையோடு சேர்த்து மேலே நகர்த்தலாம். படி ஏறுவது மாதிரிதான். ஆனால் முதல் வாரம் தொடை இரண்டும் பிடித்துக்கொண்டு வீட்டுப் படியே ஏற முடியவில்லை, அது வேறு விஷயம்.

யாரும் சொல்லித் தராமல் நானே பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. தென்னை மேலே போகப் போக மெலியும். கீழே கட்டும்போது மிதி மட்டமாக இருந்தால், முப்பது அடி உயரத்தில் வளையம் தளர்ந்து மிதி பின்பக்கம் சாய்ந்துவிடும். அப்போது குதிகால் கீழே இறங்கி, ஆளைப் பின்னுக்குத் தள்ளுகிற மாதிரி இருக்கும். அதனால் கீழேயே குதிகால் பக்கம் கொஞ்சம் தூக்கினாற்போல் வைத்துக் கட்ட வேண்டும். முதல் பத்தடி ஏற அசௌகரியமாக இருக்கும், மேலே போனால் சரியாகிவிடும். அடி பெருத்த மரமாக இருந்தால் அந்தப் பருமனுக்கு மேலேதான் கட்ட வேண்டும். அதற்கு ஒரு சின்ன ஏணி வைத்திருக்கிறேன்.

வேகத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாற்பது அடி மரத்தில் மாட்ட ஒரு நிமிஷம், ஏற மூன்று, இறங்க இரண்டு, கழற்ற ஒன்று. ஒரு காலையில் பதினைந்து மரம் முடித்தால் எனக்கு நல்ல நாள். எங்கள் ஊரில் மிஷின் இல்லாமல், காலில் தளைக்கயிறு போட்டு ஏறுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் இரண்டாவது கொக்கியை மாட்டுவதற்குள் அவர் பாளைக்குப் பக்கத்தில் நிற்பார். மிஷினை முதல்முறை பார்த்தபோது சுற்றிச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "வண்டி மேல போயிருமுங்க தம்பி. போனதுக்கப்புறம் நீங்கதான வேல செய்யோணும்?" என்றார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் இந்த மிஷினின் குறை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

ஏனென்றால் மிஷின் நம்மைக் குலைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்திவிடும். தளை போட்டு ஏறுபவர் மட்டைக்குள் நுழைந்து கொண்டைக்குள் உட்கார்ந்துவிடுவார். நாமோ மிதியில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்து வெட்ட வேண்டும். காய்ந்த மட்டையும் பன்னாடையும் தூசியும் நேராக முகத்தில் விழும். தென்னங்குருத்தைக் குடைகிற காண்டாமிருக வண்டுக்கு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் வைக்கச் சொல்வார்கள். எங்கே வைக்க வேண்டும்? உச்சியில் உள்ளடுக்கு மூன்று மட்டையின் இடுக்கில். மிதியிலிருந்து கை எட்டாது. மூன்றடி பிவிசி குழாய் ஒன்றின் நுனியைச் சாய்வாக வெட்டி, அதற்குள் கலவையைப் போட்டு, இடுக்கில் செருகித் தட்டுகிறேன். பாதி உள்ளே போகிறது, பாதி என் சட்டைக்குள் போகிறது. மிதியை விட்டு மட்டையில் கால் வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நான் செய்வதில்லை.

முற்றிய காய்க்கு மட்டும் என்றால், உண்மையைச் சொல்கிறேன், இது வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கம் பாதித் தோப்புகளில் கீழே நின்று தொரட்டியில்தான் காய் போடுகிறார்கள். எட்டுகிற உயரம் வரை அதுவே வேகம், அதுவே பத்திரம். மிஷின் இளநீருக்குத்தான் சம்பாதித்துக் கொடுத்தது. குலையை மேலிருந்து போட்டால் உடையும். கயிற்றில் கட்டி, வெட்டி, மெதுவாக இறக்க வேண்டும். அதற்கு ஆள் மேலே நின்றாக வேண்டும், அதுவும் கால்வலி இல்லாமல் ஐந்து நிமிஷம் நின்றாக வேண்டும். அந்த வசதி இதில் உண்டு.

இனி விபத்துக் கதை. மூன்றாவது வருஷம், ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற சாரலில் மரத்தின் மேற்குப் பக்கம் பாசி பிடித்திருந்தது. ரப்பர் தேய்ந்து வழவழப்பாகிவிட்டதை நான் கவனிக்கவில்லை. இருபத்தைந்து அடியில் வலது சட்டம் ஒரு சாண் சறுக்கியது. ஒரே ஒரு சாண்தான். கைப்பிடியை விடாததால் முழங்கால் தோல் உரிந்ததோடு போயிற்று. இடுப்பில் கட்டியிருந்ததோ வெறும் மாட்டுக்கயிறு. கீழே இறங்கி அரைமணி நேரம் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன்.

அந்த மாதமே டவர் வேலை செய்பவர்கள் போடுகிற முழு உடல் பெல்ட் வாங்கினேன். தொடை, தோள், நெஞ்சு மூன்றையும் பிடிக்கும். ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் இடுப்பு பெல்ட்டில் தொங்கினால் இடுப்பும் மூச்சும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். பெல்ட்டிலிருந்து ஒரு கயிறு மரத்தைச் சுற்றி வரும். நான்கு எட்டு வைத்ததும் ஒருமுறை அதை மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். சலிப்பான வேலைதான். உச்சியிலும் மரத்தைச் சுற்றித்தான் கட்டுகிறேன், மட்டையில் அல்ல. பச்சையாகத் தெரிகிற மட்டைகூடச் சில நேரம் கையோடு வந்துவிடும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ரப்பரை இதுவரை மூன்று முறை மாற்றியிருக்கிறேன், கம்பிக்கயிற்றை இரண்டு முறை. கயிறு கொக்கிக்குப் பக்கத்தில்தான் முதலில் பிரியும், கண்ணுக்குத் தெரியாது. பழைய பனியன் துணியைச் சுற்றிப் பிடித்து கயிறு நெடுக உருவுங்கள். எங்காவது நூல் மாட்டினால் அங்கே இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் அந்தக் கயிற்றில் ஏறக் கூடாது, ஒட்டுப்போட்டும் ஏறக் கூடாது. துருவுக்கு வருஷம் ஒருமுறை பெயின்ட். பட்டறையில் வைத்த வெல்டிங் ஒன்று இரண்டாம் வருஷமே விரிந்தது. திரும்பக் கொண்டுபோனேன், "நீங்க ஓவரா யூஸ் பண்ணிட்டீங்க" என்றார்கள். மரம் ஏறும் மிஷினில் மரம் ஏறியது ஓவராம். வேறு இடத்தில் வைத்துக்கொண்டேன்.

இன்னொரு பயம் கதம்ப வண்டு. தளை போட்டவர் கொட்டு வாங்கினாலும் சரசரவென்று இறங்கிவிடுவார். மிஷினில் நிதானமாக ஒவ்வொரு காலாகத்தான் இறங்க வேண்டும், அவசரம் காட்டினால் சட்டம் மாட்டிக்கொள்ளும். ஒருமுறை மூன்று கொட்டோடு தப்பித்தேன். இப்போது ஏறுவதற்கு முன் மரத்தை ஒரு சுற்று சுற்றி, போன் கேமராவைப் பெரிதாக்கி ஒவ்வொரு குலையையும் பார்த்துவிட்டுத்தான் கொக்கி மாட்டுகிறேன்.

பனைக்கு இது ஆகுமா என்று சிலர் கேட்கிறார்கள். சொரசொரப்பும் பருமனும் வேறு, பழைய கருக்கு மட்டை இருந்தால் வளையம் நகரவே நகராது. இரண்டு பனையில் முயன்று விட்டுவிட்டேன். வளைந்த தென்னையிலும் ஏறுவதில்லை.

புதிதாகப் பழகுபவர்கள் நேரே வாங்கிவிடாதீர்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்று ஆறு நாள் பயிற்சி தொடங்கியது. அந்த மாதிரிப் பயிற்சி உங்கள் மாவட்டத்தில் எப்போது நடக்கிறது என்று வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். நான் யூடியூப் பார்த்துப் பழகினேன், அந்த ஒரு சாண் அதற்கான கட்டணம். பத்து முப்பது மரம் வைத்திருப்பவருக்கு, இளநீர் வெட்டுபவருக்கு, ஆள் கிடைக்காமல் கொண்டை சுத்தம் நின்றுபோனவருக்கு வாங்கிய காசு வீண் போகாது. நூறு மரத்துக்கு மேல் என்றால் ஆளைத் தேடுங்கள்.

பக்கத்துத் தோப்புக்காரர் மாதம் ஒருமுறை மிஷினை இரவல் கேட்பார். பெல்ட்டையும் சேர்த்தே கொடுத்தனுப்புகிறேன். போன தடவை பெல்ட் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது.